டெல்டா கிராமத்தில் குடியேறுகிறீர்களா? எலியிலிருந்து தொடங்குங்கள்

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துவிட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பூர்வீக வீட்டைச் செப்பனிட்டுக் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பாம்பைப் பற்றித்தான். பாம்பு உண்டு. கீரி, மரநாய், உடும்பு, காட்டுப்பூனை உண்டு. சில ஊர்களில் நரியும் உண்டு. எலியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பாம்பைக் கொல்லைக்கு இழுத்து வருவதே எலிதான். எலிக்கு வழியை அடைத்து, கோழியை ராத்திரி ஒழுங்காக அடைத்துவிட்டால், மற்ற பிராணிகளோடு உங்களுக்குப் பெரும்பாலும் சண்டையே வராது. அதனால் இதில் பாதிக்கு மேல் எலிப் புராணம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கும் பட்டம் உண்டு

நெல்லுக்குப் பட்டம், அதாவது பருவம், இருப்பதுபோல, எலி வீட்டுக்குள் வருவதற்கும் பட்டம் உண்டு. வயலில் கதிர் நிற்கும்வரை வரப்பிலேயே குடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, வரப்பு வங்குகளில், அதாவது எலி வளைகளில், தண்ணீர் ஏறியதும் மேடு தேடிக் கிளம்பும். டெல்டாவில் மேடு என்றால் என்ன? சாலை, வாய்க்கால் கரை, களம், அப்புறம் உங்கள் வீட்டு மனை. இது முதல் வரவு. இரண்டாவது வரவு தை, மாசியில். சம்பா, தாளடிப் பட்டத்து நெல் அறுவடையாகி, சுற்றுவட்டாரம் முழுக்கச் சில நாளில் மொட்டையாகிவிடும். சிந்திய நெல்லிலும், தெளித்த உளுந்து பயறிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மிச்சமெல்லாம் வைக்கோல் போருக்கும் உங்கள் சமையலறைக்கும்தான்.

ஆகவே வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிட வேண்டும். மார்கழிக் கடைசியில் இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். எலி உள்ளே வந்த பிறகு ஓட்டையை அடைத்தால், அதை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். சினைப்பட்டு மூன்று வாரத்தில் குட்டி போடும் இனம். ஒரு ஈற்றில் ஐந்து, ஆறு, எட்டு என்று போகும். அந்தக் குட்டிகளே இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். "ஒரே ஒரு எலிதானே" என்பது டெல்டாவில் செல்லாத கணக்கு.

வந்திருப்பது எது?

எல்லாவற்றையும் எலி என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டால் வைத்தியம் தப்பாகிவிடும். அலமாரியில் பேப்பரைக் கடித்துத் துகளாக்குவது சுண்டெலி. அதன் புழுக்கை அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. பரணிலும் ஓட்டுக்கு அடியிலும் ராத்திரி ஓடுவது வீட்டெலி. ஏறுவதில் கில்லாடி, தென்னையிலிருந்து கூரைக்குத் தாவும். புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல். கொல்லையில், கழுவுநீர் போகும் இடத்தில், மாட்டுக் கொட்டகைத் தரைக்கு அடியில் மண்ணைக் குவியல் குவியலாக வெளியே தள்ளியிருந்தால் அது பெருச்சாளி. பெருச்சாளிக்கு ஏறுவதில் நாட்டமில்லை, தோண்டுவதுதான் தொழில். அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து, திண்ணைத் தரை உள்வாங்கிய வீடுகள் இங்கே உண்டு.

மூஞ்சூறை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கீச்சுக் கீச்சென்று சுவரோரமாக ஓடும், நாற்றமும் அடிக்கும்; ஆனால் அது தின்பது கரப்பான்பூச்சியும் மற்ற பூச்சிகளும்தான். அது எலி இனமே இல்லை. கதவைத் திறந்துவிட்டால் போய்விடும்.

கொல்லையில் தெரியும் வங்கு எல்லாவற்றிலும் ஆள் இருக்காது. இதற்கு ஊரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. சாயங்காலம் எல்லா வங்கு வாயையும் ஈர மண்ணால் மெழுகி அடைத்துவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். திறந்திருப்பதில்தான் குடித்தனம் நடக்கிறது. பொறி வைக்க வேண்டியது அந்த வாயில்தான். மற்றவற்றை நன்றாக இடித்து மூடிவிடலாம்.

வீட்டை அடைப்பது

பொறி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைந்தால் எலிக்குட்டி நுழையும். பகலில் வீட்டுக்குள் விளக்கை அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வழிதான். கதவுக்கு அடியில், சமையலறைத் தொட்டிக் குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில், மோட்டார் ஒயர் உள்ளே வரும் ஓட்டையில், ஏசி குழாய்க்குப் போட்ட துளையில் என்று பட்டியல் நீளும்.

சிமெண்டை மட்டும் பூசினால் போதாது; ஈரம் காய்வதற்குள் பறித்துவிடும். கண்ணாடிச் சில்லையோ, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையோ முதலில் உள்ளே திணித்து, அதன்மேல் சிமெண்டு போடுங்கள். கடையில் டப்பாவில் விற்கும் நுரை பீய்ச்சி அடைத்தால் எலிக்கு அது மெத்தை. ஒரு ராத்திரியில் குடைந்துவிடும். மரக்கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தகரப் பட்டை அடியுங்கள். சாளரத்துக்குக் கொசுவலை போதாது. கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை வேண்டும். கழுவுநீர் வெளியேறும் குழாயின் வாயில் இரும்புச் சல்லடை வையுங்கள். பெருச்சாளி அந்த வழியாகத்தான் வருகிறது.

ஓட்டு வீடானால் சுவரும் ஓடும் சேரும் இடம்தான் பெரிய தலைவலி. அந்தச் சந்து முழுவதும் வலை வைத்து அடைக்க ஒரு கொத்தனாருக்கு ஓரிரு நாள் கூலி ஆகும், ஆனால் கொடுக்கலாம். கீற்றுக் கூரையில் அடைத்து மாளாது. அங்கே கிளையை வெட்டுவதும், தீனியை மூடுவதும், பொறியும்தான் கதி. கூரைக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் எந்தக் கிளையும் வரக் கூடாது. வீட்டை ஒட்டிய தென்னைக்கு ஆள் உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரம் சுற்றிவிட்டால், எலி வழுக்கிக் கீழே விழும். இளநீர்க் குரும்பையும் தப்பும்.

வீட்டை அடைத்தபின் தீனி. நெல்லோ அரிசியோ சாக்கில் கிடக்கக் கூடாது. அந்தக் காலத்தில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்குத் தகர டிரம் போதும், மூடி இறுக்கமாக இருந்தால். மாட்டுத் தவிடு, கோழித் தீவனம், நாய்க்கு வைத்த சோறு, விளக்கு மாடத்துத் திரி, கொடியில் தொங்கும் கருவாடு எதுவும் ராத்திரி வெளியே இருக்கக் கூடாது. விறகை ஓர் அடி உயரத்தில் பரண் கட்டி அடுக்குங்கள். வைக்கோல் போர் சமையலறைச் சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். முடிந்தவரை தள்ளி, கல் அடுக்கி, அதன்மேல் போடுங்கள். போருக்கு அடியில் எலி, எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் என்பது இங்கே வழக்கமாக நடப்பது.

பொறி வைக்கும் விதம்

எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், இரையை மட்டும் வைத்து விடுங்கள். பயம் தெளிந்து தின்னத் தொடங்கியபின் பூட்டுங்கள். நடு வீட்டில் வைப்பது வீண். எலி சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும். அழுக்குக் கோடு படிந்த சுவரோரம்தான் அதன் ராஜபாட்டை. அடிப்பொறியானால் இரை இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி குறுக்காக வையுங்கள். ஒன்று வைத்துவிட்டுக் காத்திருக்காமல் நாலைந்தாக ஒரே ராத்திரியில் வையுங்கள். இரைக்குச் சுட்ட கருவாடு, சுட்ட தேங்காய்ச் சில்லு, மசால்வடை. இந்தப் பக்கத்தில் மசால்வடைக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். என் ஓட்டு கருவாட்டுக்கு. இரையை நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எலி பதமாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

கூண்டில் உயிரோடு பிடித்ததை அடுத்த தெருவில் விட்டால் அடுத்த தெருக்காரர் உங்களைத் தேடி வருவார். இல்லையென்றால் எலியே திரும்பி வரும். ஒட்டும் அட்டை வாங்காதீர்கள். எலி அதில் மணிக்கணக்காகத் துடிக்கும். பல்லி, ஓணான், குருவி, சாரைக் குட்டி எல்லாம் சேர்ந்து ஒட்டும்.

கொல்லையும் வயலும் உள்ளவர்கள் தஞ்சாவூர்க் கிட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் கட்டி, நடுவில் இரை வைத்த சின்னப் பொறி. சாயங்காலம் கிட்டிக்காரர் ஒரு கட்டு கிட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்போடு வருவார். எலி நடமாடிய தடத்தில் குனிந்து விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போவார். ராத்திரி எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டு, நாண் கழுத்தை இறுக்கிவிடும். விடியற்காலை வந்து எண்ணி, எலிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்வார். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை, கூகை என்ற ஆந்தைக்கும் நாய்க்கும் கெடுதல் இல்லை. ஊரில் இந்த வேலை தெரிந்த ஒருவர் இன்னும் இருந்தால் அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் கூப்பிடாமல், பக்கத்து நாலு வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வயலை மட்டும் காலி செய்தால் அடுத்த வயல் எலி அதில் வந்து குடியேறிக்கொள்ளும்.

வரப்பைக் கட்டும்போதே ஒடுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். அகலமான வரப்பு எலிக்கு அடுக்குமாடி வீடு.

மருந்தும் மின்சாரமும்

வீட்டுக்குள் எலி மருந்து வேண்டாம் என்பதுதான் என் கட்சி. துத்தநாக பாஸ்பைடு வயிற்றுக்குள் போனதும் பாஸ்பின் என்ற நச்சு வாயுவாகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலைச் சிதைக்கும் என்பதால் தமிழக அரசே அதைத் தடை செய்திருக்கிறது. யாராவது பழைய டியூபை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அலுமினிய பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய வங்கில் போடுவது அதைவிட ஆபத்து. வாயு சுவர் வெடிப்பு வழியாக உள்ளே வரும். 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள்.

புரோமாடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டிகள் மெதுவாக, பல நாளில் வேலை செய்பவை. வயலில் தவிர்க்க முடியாமல் வைப்பதானால் ஒன்றிய வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொண்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைப்பதும் அந்த வேலையில் அடக்கம். விட்டுவைத்தால் அதைத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் அதே கதிதான். குழந்தை எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எதையும் குடிக்கக் கொடுக்காமல், மருந்து உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ல் ஏறிவிடுங்கள்.

இன்னொன்றும் புதிதாக வந்தவருக்குத் தெரியாது. எலிக்காக வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் திருட்டு மின்சாரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம். இருந்தாலும் அதில் சிக்கி மனிதர்கள் செத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் நிலத்தில் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். இருட்டியபின் அடுத்தவர் வரப்பில் கேட்காமல் நடக்காதீர்கள்.

கோழி போனது யாரால்?

கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் மாதமே ஏதாவது ஒன்று போகும். உடனே நரி என்பார்கள். தடயத்தைப் பாருங்கள். பட்டப்பகலில் குஞ்சு மாயமாகி, ஒரு சிறகுகூடக் கிடக்கவில்லை என்றால் காகமோ வல்லூறோ பருந்தோதான். பகலில் பெரிய கோழியின் கழுத்தில் கடி இருந்தால் கீரி மீது சந்தேகம். முட்டை ஓட்டோடு காணாமல் போனால் உடும்போ பாம்போ. ராத்திரி கூட்டுக்குள் புகுந்து, தலையைத் தின்று உடலைப் போட்டுவிட்டுப் போனால் மரநாய் அல்லது காட்டுப்பூனை. இரண்டு மூன்று கோழிகளைக் குதறி அங்கேயே போட்டிருந்தால் தெரு நாய். ஆட்டுக்குட்டி விஷயத்திலும் முதல் சந்தேகம் நாயின் மேல்தான் விழ வேண்டும். நரி ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். வேலி வரைக்கும் சிறகு சிந்திக்கிடக்கும். சின்னக் குஞ்சுகளைக் கூட்டுக்குள்ளேயே கடித்து இழுப்பது பல நேரம் பெருச்சாளி என்பதையும் மறக்க வேண்டாம்.

பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரம் என்ற கூடையால் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். ராத்திரிக்குக் கூடு வேண்டும். அறுகோணக் கண் உள்ள கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலை போடுங்கள். கூட்டைச் சுற்றி வலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தால் தோண்டுகிற பிராணி அதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தாழ்ப்பாள் தானாகத் திறக்காத மாதிரி கொக்கியும் போடுங்கள். பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும். டிவி பார்த்துவிட்டு எட்டு மணிக்கு அடைப்பவர்கள் வீட்டில்தான் கோழி போகிறது.

நரி, கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, நீர்நாய், சாரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. கண்ணி, நாட்டு வெடி, விஷம் வைத்த கறி எதுவும் கூடாது. சிறைக்குப் போக நேரிடும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் நரி இன்னும் சாதாரணமாகக் கண்ணில் படும். நரி முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டம் என்று சொல்லும் ஊரில் அதைக் கொல்லத் துடிப்பது என்ன நியாயமோ. யாராவது நரிக்கொம்பு விற்க வந்தால் வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பு கிடையாது.

பெரிய பிராணி வருமா? அபூர்வம். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரத்துக்குள்ளேயே சிறுத்தை நடமாடியது. வனத்துறை கேமராவும் கூண்டும் வைத்துத் தேடியது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வீடு கொள்ளிடக் கரையில், குறிப்பாக அணைக்கரைக்குக் கீழே சிதம்பரம் பக்கம் இருந்தால், முதலை நிஜம். அங்கே ஆற்றிலும் குளத்திலும் இறங்கும் முன் ஊர்க்காரரைக் கேளுங்கள். ஆட்டை, நாயைக் கரையோரம் கட்டாதீர்கள்.

பாம்பு

சாரையை அடிக்காதீர்கள். நீளமாக, வேகமாக இருப்பதால் பார்க்கப் பயமாக இருக்கும். விஷம் கிடையாது, எலிதான் அதன் சாப்பாடு. அஞ்ச வேண்டியவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன். மூன்றில் கட்டுவிரியன்தான் வீட்டுக்குள் தரையில் தூங்குகிறவரை ராத்திரியில் கடிப்பது. வலி அதிகம் இருக்காது, கடிவாய்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது வந்தால் நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வதுதான் இதற்கு நல்ல காப்பு. ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச்சும் செருப்பும். வைக்கோலை வெறும் கையால் உருவாமல் முதலில் கோலால் தட்டுங்கள்.

பாம்பு உள்ளே வந்துவிட்டால், ஒருவர் தூரத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை.

கூகையை விரட்டாதீர்கள்

கூகை அலறினால் சாவு என்று கல்லெறிவார்கள். கோயில் கோபுரத்திலும் பாழடைந்த வீட்டிலும் தங்கி, ராத்திரி முழுக்க எலி பிடிக்கும் பறவை அது. வயலில் ஆங்காங்கே தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைத்தால் கூகையும் மற்ற ஆந்தைகளும் உட்கார்ந்து வேட்டையாடும். கதிர் முற்றத் தொடங்கியதும் அவற்றைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளியும் குருவியும் உட்கார்ந்து உங்கள் நெல்லைத் தின்னும். பூனை வளர்த்தால் சுண்டெலிக்கு ஆகும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டு பின்வாங்கும் பூனைகளே அதிகம்.

காய்ச்சலும் கடியும்

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எலியையும் புழுக்கையையும் வெறும் கையால் தொட வேண்டாம். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, துணியால் துடைத்து எடுங்கள். மழை முடிந்த மாதங்களில் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி நடமாடும் புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. புதரில் வேலை செய்ததையும் வீட்டில் எலி இருப்பதையும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாய், நரி, கீரி, பூனை எது கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் வெறிநாய்க்கடி ஊசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தவணை. கடி தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி தனியாக உண்டு. அது பல சின்ன நிலையங்களில் இருக்காது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். அதை விட்டுவிடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.